கலெக்டருக்கு ஊதாக் கழிச்சல்

பழனிசெட்டிபட்டி
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் செல்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோருக்கும் வேளைக்குப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, உனக்கும் இவை இரண்டும் குறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஜெபம். உன் ரூம் ஜாஸ்பர் லீவு முடிந்து நாளைக் காலை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் முறுக்கு ஒரு டப்பா, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து விடுகிறேன். ஊறுகாயை ரூமில் எல்லோருக்கும் பந்தி வைக்காதே. இங்கே மழை நல்ல மழை, அதனால் யாருடைய கிணற்று மோட்டாரும் எரிந்து ரிப்பேருக்கு வரவில்லை, அப்பாவுக்குக் கடையில் வேலை இல்லை, மழைக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை, திருவிருந்தும் அன்றைக்கே. வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. ஏசி மாட்ட மொட்டைமாடிக்கு ஏறும்போது கீழே பார்க்காதே. உன் கோழிக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, பயப்படும்படி ஒன்றும் இல்லை.

அண்ணே, இதுவரை அம்மாவின் வார்த்தை. சாயந்திரம் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். இனி மகிமா. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், அம்மாவின் குறட்டை அடுக்களை வரை கேட்கிறது, அது கேட்கும்வரை எனக்கு ஆபத்து இல்லை. அரிசி டிரம்மின் மேல் எமர்ஜென்சி லைட், மடியில் நோட்டு, அடுப்பில் கிறிஸ்துமஸுக்கு மட்டும் இறக்குகிற பிரியாணிச் சட்டி. சட்டியில் கொதிப்பது நாளை மறுநாள் நம் சபையில் நூற்று முப்பது பேர் முழங்காலில் நின்று வாங்கிக் குடிக்கப் போகிற திராட்சை ரசம். அரை மணி நேரம் கொதிக்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. திங்கட்கிழமை இதே வேலையைக் கையில் போனை வைத்துக்கொண்டு செய்ததால்தான் இவ்வளவும் வந்தது, அதனால் இன்றைக்குக் கையில் பேனா. ஒரு கண் சட்டியில் இருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான் என்று நினைத்துக்கொள், எப்போதும் கோணல்தானே என்று சொல்லாதே.

நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஜாஸ்பர் அண்ணன் உன் ரூமுக்கு வந்து சேர ஞாயிறு ராத்திரி ஆகிவிடும், ஆகவே நீ சொல்லும் யோசனை எதுவும் எனக்கு உதவப்போவதில்லை, உன் யோசனைகள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும் என்பதால் அதில் நஷ்டமும் இல்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போல் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். அப்பா ஸ்பீக்கர் போடாமல் என்றைக்குப் பேசியிருக்கிறார்? போன வாரம் நீ உன் உடம்புச் சூட்டைப் பற்றிச் சொன்னதைக் கடைக்கு மோட்டார் ஃபுட்வால்வ் வாங்க வந்த உப்புக்கோட்டைக்காரர் நின்று கேட்டு, உனக்கு வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் உனக்குத் தெரியாத ஒரு செய்தி. உன் கலெக்டரை அம்மா அறுப்பின் பண்டிகையில் சபைக்காக ஏலம் விடக் கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணிவிட்டார். உன் விசா ஆறு மாதம் இழுத்ததல்லவா, அப்போது, வீட்டில் இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்கிறேன் ஆண்டவரே என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் இருப்பதிலேயே நல்லது நீ என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பாய், இல்லை, கோழிதான். கொல்லை முழுக்கச் சுற்றி வந்து எல்லாவற்றையும் பார்வையிட்டு எதையும் செய்யாமல் போகிறது என்று நீதான் அதற்குக் கலெக்டர் என்று பேர் வைத்தாய், நீ ஊருக்குக் கிளம்பிய அன்று அம்மாவிடம் இரண்டு நிமிடமும் அதனிடம் பத்து நிமிடமும் நின்றாய், அதை அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார். பொருத்தனை விஷயத்தை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று எனக்கு உத்தரவு. ஏலத்தில் எடுப்பவர்கள் கோழியை வளர்ப்பதற்காக எடுப்பதில்லை என்பது உனக்கே தெரியும்.

இப்போது ரசத்துக்கு வருகிறேன். பதினாலு வருடமாகச் சபைக்குத் திருவிருந்து ரசம் வைப்பது நம் அம்மா. அப்பா ஓடைப்பட்டி போய்க் கறுப்புத் திராட்சை வாங்கி வருவார், அம்மா கழுவி, பிசைந்து, வேகவைத்து, வேட்டித் துணியில் பிழிந்து, சர்க்கரை போட்டு மறுபடி கொதிக்கவைத்து ஆறு பாட்டிலில் அடைத்து, மூடிமேல் வெள்ளைத் துணி சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார். அந்த வாரம் முழுக்க அம்மா நடப்பதே வேறு மாதிரி இருக்கும். இந்த வருடம் ஜெபராஜ் மாமா கமிட்டிச் செயலாளர் ஆகியிருக்கிறார். வந்த நாளிலிருந்து, வீட்டில் வைக்கும் ரசம் வேண்டாம், கடையில் சீல் வைத்த பாட்டில் வாங்கிவிடலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார். அதாவது மது விலக்குப் பற்றி வருடம் நாலு பிரசங்கம் கேட்கிற சபையில், புளித்த ரசம் ஒரு சொட்டு வந்துவிட்டால் அம்மாவின் பதினாலு வருடமும் அன்றோடு போச்சு. இதையும் தெரிந்துகொண்டுதான் திங்கட்கிழமை நான் அந்த வேலையைச் செய்தேன்.

அன்றைக்கு அம்மாவுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். பிழிந்து அடுப்பில் ஏற்றிவிட்டு இரண்டு வேலை சொல்லிவிட்டுப் போனார். ஒன்று, ரசம் கால் பாகம் வற்றும்வரை கொதிக்க வேண்டும், அரை மணி ஆகும். இரண்டு, பிழிந்த சக்கையை மாமரத்தடியில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், வெளியில் போட்டால் ஈ மொய்க்கும். நான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன், அது முடிந்ததும் அடுத்தது தானாக வந்தது, அதுவும் என் தப்பா? பத்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட்டேன். குழி தோண்டச் சோம்பல், சக்கையைக் கூட்டுக்குப் பின்னால் உடைந்து கிடக்கிற சிமெண்ட் தொட்டியில் கொட்டி, தென்னை மட்டையைப் போட்டு மூடினேன். அம்மா வந்து கேட்டபோது இரண்டும் ஆயிற்று என்றேன். இரண்டும் ஆனதுதானே, ஆன விதம்தான் வேறு.

புதன்கிழமை காலையில் கலெக்டர் கூட்டை விட்டு வெளியே வந்து நாலு அடி வைத்தது, ஐந்தாவது அடிக்குக் கால் கிடைக்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து சுவரோடு நின்றது. கண்ணை மெதுவாக மூடி மெதுவாகத் திறந்தது, யாரையோ அடையாளம் தெரிந்த மாதிரி பார்த்தது, பிறகு இல்லை என்று தலையைத் திருப்பிக்கொண்டது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டு ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகப் பேசினாயே, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. அம்மா அன்றைக்கு நெட்வொர்க் சரியில்லை என்றார். கோழியின் கழுத்தடியில் இரைப்பை ஒரு எலுமிச்சம்பழ அளவு உப்பி, தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று இருந்தது. அம்மா தூக்கிப் பின்பக்கம் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைக் கழிச்சல் தெரியும், பச்சைக் கழிச்சல் தெரியும், இது என்ன ஊதாவா இருக்கு என்றார். அண்ணே, அந்த ஊதாவைப் பார்த்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருந்தால் வெறும் திட்டோடு போயிருக்கும். வாயைத் திறந்தேன், வேறென்னவோ ஸ்கூல் பஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டேன்.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. அம்மாவுக்குத் தெரிந்தது கழிச்சல் மருந்து. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கொல்லையில் முளைத்த கீழாநெல்லி, எல்லாவற்றையும் அம்மியில் மைய அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி, நான் அலகைப் பிளக்க அம்மா உள்ளே தள்ளினார். கலெக்டர் முதல் உருண்டையை விழுங்கியது, இரண்டாவதை என் மேல் துப்பியது. அதன்மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தோம். அரை நாள் அடைத்து வைத்ததில் தெளிந்து எழுந்து நின்றது, அம்மா மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டுக் காற்றாடத் திறந்துவிட்டார், ஒரு மணி நேரத்தில் மறுபடி சாய்ந்தது. ஏன் சாயாது, நேராகத் தென்னை மட்டைக்கு அடியில் போய்விட்டு வந்திருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியாது, மருந்து போதவில்லை என்று மிளகைக் கூட்டினார். இப்படியே அடைத்தால் தெளிவதும் திறந்தால் சாய்வதுமாக இரண்டு நாள். பாவம், அந்தக் கோழி எத்தனை மிளகு தின்றிருக்கும்.

அப்பா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார், உசுரு இருக்கும்போதே அறுத்துருவோம், செத்துப்போனா யாருக்கும் பிரயோஜனம் இல்ல என்று. அம்மா அந்த ஊதாவைக் காட்டினார், அப்பாவுக்குக் குழம்பு ஆசை அங்கேயே விட்டது. அதற்குப் பிறகு வாட்ஸ்ஆப்பில் யாரோ பறவைக் காய்ச்சல் என்று அனுப்ப, கொல்லைக்குப் போகும்போதெல்லாம் மாஸ்க் போட்டுக்கொண்டு போனார். கோழிக்கு ஒரு மாஸ்க் போட முடியுமா என்றுகூட யோசித்திருப்பார். நாளைக்குள் எழவில்லை என்றால் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட வேண்டும், தெருவுக்கே பரவிவிடும் என்று வியாழக்கிழமை காலையில் சொன்னபோது அம்மா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆண்டவருக்கு என்று சொன்னதை எரிப்பதா என்று கேட்டார். அப்பா மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு கடைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை சாயந்திரம் பாஸ்டர் ஐயாவும் ஜெபராஜ் மாமாவும் ஏலப் பொருள் லிஸ்ட் எழுத வந்தார்கள். அம்மா கோழிக்காக ஒரு வார்த்தை ஜெபியுங்கள் ஐயா என்றார். பாஸ்டர் ஐயா நல்லவர், மனிதர்களுக்கான ஜெபத்தையே எடுத்து இந்தச் சகோதரி என்று வருகிற இடத்தில் இந்த ஜீவன் என்று மாற்றிக்கொண்டு ஜெபித்தார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன், கலெக்டரும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. ஆமென் சொன்னதும் அதற்கு ஒரு விக்கல் வந்தது. எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்து இருமுவதுபோல் இருமினேன். ஜெபராஜ் மாமா அலமாரி மேல் வரிசையாக இருந்த ஆறு பாட்டிலையும் பார்த்துக்கொண்டே நின்றார். "வீட்டுல வைக்கிறதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். இந்த ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு முந்தி மொத மடக்க நாந்தான் குடிச்சுப் பாப்பேன்" என்றார். அம்மா அவருக்குக் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "பதினாலு வருசமாக் குடிச்சீக, இப்பத்தான் நாக்கு வந்துச்சாண்ணே" என்று கேட்டார். மாமா காபியில் சர்க்கரை அதிகம் என்று சொல்லிவிட்டு முழுக்கக் குடித்தார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு தைரியம் அண்ணே, அந்தப் பாட்டிலில் ஒரு குறையும் இருக்க முடியாது என்று. எனக்கு அங்கேயே நிற்க முடியவில்லை, கோழிக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று ஓடிவந்துவிட்டேன்.

இன்றைக்கு மத்தியானம் அடுத்த வீட்டு மொக்கம்மாள் அக்கா மயிலாடும்பாறையிலிருந்து மகளின் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பினார். நான் ஸ்கூல் விட்டு வந்தபோது அம்மா சர்ச்சில் தோரணம் கட்டப் போயிருந்தார், அக்கா மட்டும் சுவரைத் தாண்டி வந்து கலெக்டரை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். இறகைப் பிரித்தார், கொண்டையைத் தொட்டார், இரைப்பையை அமுக்கினார். கடைசியாக அலகைப் பிளந்து மூக்கை வைத்து மோந்தார். மோந்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏ ஆத்தா, இது சீக்கு இல்ல. எங்க வீட்டுக்காரவுக சம்பளத்தன்னைக்கு வாசப்படிய ரெண்டு வாட்டி மிதிச்சு உள்ள வருவாகல்ல, அந்த வாட" என்றார். கருத்தக்கண்ணன் மாமாவோடு இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவர், அந்த மூக்கை யார் மறுத்துப் பேசுவது? இதுக்கு எங்கன கெடச்சுச்சு என்று கேட்டபடி கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தார், ஈ மொய்க்கும் இடத்துக்குப் போனார், தென்னை மட்டையைத் தூக்கினார். உள்ளே சக்கை நுரைத்துக் கிடந்தது. அக்கா ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர், விளக்கம் சொல்லத் தேவை இல்லை. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அழுதேன்.

அழுது முடித்ததும் வேலை வாங்கினார். முதலில் சக்கை முழுவதையும் வாளியில் அள்ளி, அம்மா திங்கட்கிழமை சொன்ன அதே மாமரத்தடியில், சொன்ன அதே குழியை நான் தோண்டிப் புதைத்தேன், இடுப்பு ஒடிந்தது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அதை ஊட்டப் பாலாடை கேட்டார். ஆமாம், உனக்கும் எனக்கும் அம்மா பால் ஊட்டிய அதே வெள்ளிப் பாலாடைதான், வேறு எதுவும் அந்த அலகுக்குள் போகவில்லை. அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நடுவில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். அக்கா கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரைப்பையை விரல் நுனியால் நீவிவிட்டார், குழந்தை விழுங்கிச் சிக்கியதை நீவித் தொக்கம் எடுப்பதுபோல, அவ்வளவு மெதுவாக. பிறகு தலையைக் கீழே தாழ்த்தி ஒரு அமுக்கு. மூன்று எண்ணுவதற்குள் நிமிர்த்திவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் மூச்சு அடைத்துச் செத்துவிடுமாம். முதல் அமுக்கில் வந்தது எல்லாம் என் யூனிஃபார்ம் பாவாடையில். அம்மாவிடம் இங்க் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, இரைப்பை தளர்ந்தது. நாலாவது தடவை கலெக்டர் கழுத்தைத் தொங்கவிட்டுவிட்டது, அண்ணே. கண்ணும் மூடிவிட்டது. அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டார். நிமிர்த்திப் பிடித்து அலகில் ஊதினார், முதுகைத் தடவினார், நான் பொருத்தனை பண்ண ஆரம்பித்தேன், என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அது தலையைத் தூக்கி அக்காவின் கையைக் கொத்தியது. அக்கா அதை வைதது முழுவதும் இங்கே எழுத முடியாது. கடைசியாக மோர், கெட்டியாக இல்லாமல் தெளிவாக. மறுநாள் காலையில் அவுகளுக்கு ஒரு செம்பு, இதுக்கு ஒரு பாலாடை, வைத்தியம் ஒண்ணுதான் என்றார். காலைவரை தீனி கிடையாது, பஞ்சாரத்தில் கவிழ்த்துச் சாக்குப் போட்டு இருட்டாக்கி வைத்திருக்கிறோம்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் அக்கா என்று கையைப் பிடித்துக் கேட்டேன். நான் யார்ட்ட ஆத்தா சொல்லப்போறேன் என்றார். இதே வார்த்தையை நீ ஜெபராஜ் மாமாவின் வண்டியைக் கொண்டுபோய் வாய்க்காலில் விட்ட அன்றும் சொன்னார், அன்று சாயந்திரமே தேனி பஸ் ஸ்டாண்டில் உன்னை விசாரித்தார்கள். பொல்லாதவர் இல்லை, சந்தோஷம் தாங்காது, அவ்வளவுதான். கலெக்டருக்குப் போதை என்கிற செய்தியை யார்தான் அடக்கி வைப்பார்கள்? என்னால்கூட முடியவில்லையே. நாளைக்குத் தண்ணீர்க் குழாயடியில் அது வெளியே வந்துவிடும்.

ஆனால் இப்போது என்னைப் பயமுறுத்துவது கோழி இல்லை. குழியை மூடும்போதுதான் அது மண்டையில் ஏறியது. சக்கை புளித்தது என்றால், பத்து நிமிடம் மட்டும் கொதித்த ரசம்? அம்மா தூங்கும்வரை காத்திருந்து, ஸ்டூல் போட்டு ஏறி ஒரு பாட்டிலை இறக்கினேன். முடிச்சை அவிழ்த்து மூடியைத் திருகினேன், புஸ் என்றது. நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன், முள் குத்துவதுபோல் சுருக்கென்றது. இரண்டாவது பாட்டிலும் அப்படி. அதற்கு மேல் ருசி பார்க்கவில்லை, கலெக்டர் மாதிரி ஆகிவிட்டால் என்னை யார் நீவிவிடுவது? இதை அப்படியே விட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஜெபராஜ் மாமா முதல் மடக்குக் குடித்து, எல்லோர் முன்னாலும் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். அம்மா அப்போதும், இல்லண்ணே, கால் பாகம் வத்தக் கொதிச்சது என்று என்னை நம்பிச் சொல்வார். அதனால் ஆறு பாட்டிலையும் சட்டியில் கவிழ்த்து ஏற்றிவிட்டேன். கொதித்தால் போதை ஆவியாகிவிடும் என்று கெமிஸ்ட்ரியில் படித்தது, அந்தப் பாடத்தில் எனக்கு எத்தனை மார்க் என்று உனக்குத் தெரியும், ஜெபித்துக்கொள்.

இப்போது நுரை அடங்கிவிட்டது. கரண்டியில் எடுத்து ஆறவைத்துத் தொட்டுப் பார்த்தேன், குத்தவில்லை, சும்மா இனிப்பும் துவர்ப்புமாக இருக்கிறது. ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, ஆறு பாட்டில் ஐந்தாக வற்றிவிட்டது. இன்னொன்று அந்த முடிச்சு. அம்மா அதை எப்படிப் போடுகிறார் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எனக்கு வரவில்லை, நான் போட்டால் செருப்பு வார் மாதிரி இருக்கிறது. பாட்டில் கழுத்தில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து விட்டுவிட்டேன். எப்படியும் காலையில் பார்த்ததும் தெரிந்துவிடும். ஒருவேளை பூனை மேல் பழி போடலாம் என்று யோசித்தேன், பூனை ஒரு பாட்டிலைத் தள்ளியிருக்கலாம், மற்ற ஐந்து முடிச்சையும் பூனை ஏன் அவிழ்த்தது என்று கேட்பார். அதனால், அண்ணே, நான் முடிவு பண்ணிவிட்டேன். காலையில் குழாயடிக்கு மொக்கம்மாள் அக்கா போவதற்கு முன்னால் நானே அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்து, போன், பத்து நிமிடம், தொட்டி, பாவாடை, பாலாடை வரை. பாலாடையை மட்டும் விட்டுவிடலாமா என்று இன்னும் யோசனை. அடித்தால் ஒரு நாள் வலி. ஞாயிற்றுக்கிழமை அம்மா அங்கே தனியாக நிற்பதை நான் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அடுப்பை அணைத்துவிட்டேன். கடிதத்தின் கடைசியில் அம்மா எப்போதும் ஆசீர்வாதம் சொல்வார், இன்று அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன், ஏசி மாட்டும் இடத்திலெல்லாம் உனக்கு நிழல் கிடைக்கட்டும், உன் முதலாளிக்கு என் வயதில் ஒரு தங்கை இருந்து அவர் நல்லவராக ஆகட்டும், உன் முறுக்கை யாரும் திருடாமல் இருக்கட்டும். இந்தத் தாள்களை முறுக்கு டப்பாவின் அடியில் வைக்கிறேன், படித்ததும் கிழித்துவிடு. அதற்குப் பிறகு நீ கூப்பிடும்போது ஒன்றும் தெரியாதவன் மாதிரி பேசு, ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கட்டும்.

உன் தங்கை
மகிமா

சனிக்கிழமை காலை

செல்வின், இது அம்மாதான், என் கையெழுத்தே. மகிமா எழுவதற்கு முன்னால், முறுக்கு நொறுங்காமல் மாற்றி அடுக்கலாம் என்று டப்பாவைக் கவிழ்த்தேன், இது விழுந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டேன். முதலில் ஒன்று, குறட்டை விடுவது நான் இல்லை, உன் அப்பா. பாதி ராத்திரியில் வீடு முழுக்கத் திராட்சை கொதிக்கிற வாசம் வந்தால், பதினாலு வருடம் ரசம் வைத்தவளுக்கு எப்படித் தூக்கம் வரும்? எழுந்து வந்து கதவோரம் நின்று பார்த்தேன், ஒரு கண் சட்டியிலும் ஒரு கண் நோட்டிலுமாக உட்கார்ந்திருந்தாள். பொங்கும்போதெல்லாம் கரண்டியைப் போட்டாள். சரி என்று போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் பல் விளக்கும் முன்பே வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள், பாலாடை உட்பட. நான் முதல் தடவை கேட்பதுபோல் கேட்டு, முதல் தடவை கோபப்படுவதுபோல் கோபப்பட்டேன், கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது போலிருக்கிறது, அப்பா சாப்பிடாமலேயே கடைக்கு ஓடிவிட்டார். ரசத்தை ருசி பார்த்தேன், சர்க்கரை கொஞ்சம் குறைவு, போட்டேன், முடிச்சையும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துப் போட்டேன். ஐந்து பாட்டில் போதும், எல்லோருக்கும் ஒரு மடக்குத்தானே. பாவாடையில் இருப்பது இங்க் இல்லை என்று நேற்றே எனக்குத் தெரியும், இந்த வீட்டில் துணி துவைப்பது யார்?

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், அவளிடம் சொல்லாதே, சொன்னால் என்னிடம் அவளுக்குப் பயம் விட்டுப்போகும். நான் முதன்முதலாக வைத்த வருடம், உனக்கு அப்போது பத்து வயது, எவ்வளவு கொதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. புஸ் என்ற சத்தம் எனக்கும் கேட்டது, சனிக்கிழமை ராத்திரி, பயத்தில் அப்படியே மூடி வைத்துவிட்டேன். இந்தப் பிள்ளைக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. சபை முழுக்கக் குடித்தது. அன்றைக்கு மாதிரி நம் சபையில் என்றைக்கும் பாட்டு நன்றாக இருந்ததில்லை. ஜெபராஜ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சரணத்தை மூன்று தடவை பாடினார், வெளியே வந்து, தங்கச்சி, வருசா வருசம் நீயே வையி என்றார். அதனால்தான் பதினாலு வருடம்.

கலெக்டர் எழுந்துவிட்டது. சாக்கை எடுத்ததும் வெளியே வந்து, நேராகத் தொட்டிக்குப் போய்ப் பார்த்தது, காலியாக இருக்கவும் கொல்லையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மொக்கம்மாளைக் கண்டால் மட்டும் கொத்தப் போகிறது. சொன்ன வார்த்தை சொன்னதுதான், நாளைக்கு அதை ஏலத்துக்குக் கொண்டுபோவேன், உன்னிடம் மறைத்தது என் தப்பு. ஆனால் அப்பாவை முன் வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன், கையை எப்போது தூக்க வேண்டும், எதுவரை இறக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். இறக்கினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இதை மடித்து இருந்த இடத்திலேயே வைக்கிறேன், நான் பார்த்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. நெட்வொர்க் சரியில்லாத வெள்ளிக்கிழமைகளுக்கு மறுநாள் ஒரு செம்பு மோர் குடி.

உன் அம்மா